சென்சாரை ஏமாற்றாதீர்கள்



நீங்கள் ஒவ்வொருவரும் நாள்தோறும் முறுக்குகிற ஆக்சிலரேட்டரின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பி.எஸ்.6 புகை விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு நாளைக் கோடாக வைத்து நம் இருசக்கர வாகன வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணினி கணக்கிட்டுப் பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன் வண்டிகள் அதற்கு முன்பும் இருந்தன. 2006லேயே ஹீரோ ஹோண்டா கிளாமர் அந்த அமைப்போடு வந்தது. 2009இல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 வந்தது. ஆனால் அவை கொஞ்சம் பேர் வாங்கிய வண்டிகள். 2020க்குப் பிறகு நிலைமையே வேறு. நெல் மூட்டையும் கேஸ் சிலிண்டரும் தண்ணீர்க் கேனும் சுமக்கிற டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கூட இன்று இன்ஜெக்டரோடுதான் ஓடுகிறது. எக்ஸ்.எல். வண்டிக்குள்ளேயே கணினி வந்துவிட்டது என்றால் இனி இது பந்தய வீரர்களின் விவகாரமா? பால்காரரின் விவகாரம் இது. பூக்காரரின் விவகாரம். பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற தாயின் விவகாரம். நம் வெயிலுக்கும், நம் நெரிசலுக்கும், நம் மலைக்கும், நம் பங்கில் கிடைக்கிற பெட்ரோலுக்கும் இந்த இன்ஜெக்ஷன் வண்டியை எப்படி ட்யூன் செய்வது? இதுதான் இன்றைய கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கணினிக்கு உண்மையான தகவல் போய்ச் சேரும்படி செய்வதே முதல் ட்யூனிங், அதையும் தாண்டி ஏதேனும் மாற்ற வேண்டுமென்றால், அளந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஏமாற்றித் திருத்துவது திருத்தமே ஆகாது.

கார்புரேட்டர் காலத்து ட்யூனிங்கை நான் குறைத்துப் பேச வரவில்லை. கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், காதில் என்ஜின் ஓசை, கண்ணில் ப்ளக்கின் நிறம். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, தடுமாறிய வண்டியைச் சீராக்கிக் கொடுத்த கைகள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தன. அது பெரிய கலை. ஆனால் அந்தக் கலைக்கு ஓர் எல்லை உண்டு. மெக்கானிக் திருப்பி வைத்த அளவு, அவர் திருப்பிய அந்த நேரத்துக்கும் அந்த இடத்துக்கும் மட்டுமே சரியானது. மார்கழி காலையில் சரியாக இருந்த அளவு சித்திரை உச்சிவெயிலில் சரியாக இருக்காது. சமவெளியில் சரியாக இருந்தது மலைமேல் சரியாக இருக்காது. ஒருவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் ஓடுகிற வண்டியோடு கூடவே ஓடித் திருகிக்கொண்டே வர முடியுமா? முடியாது. அந்த வேலையைத்தான் இன்ஜெக்ஷன் செய்கிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது ஒரு சிலிண்டருக்கு விநாடிக்கு 50 முறை பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் இன்ஜெக்டரைத் திறந்து வைப்பது என்று ஈ.சி.யு. என்னும் அந்தக் கணினி புதிதாகக் கணக்குப் போடுகிறது. நம் பழைய மெக்கானிக் நாளுக்கு ஒரு முறை செய்ததை இது விநாடிக்கு ஐம்பது முறை செய்கிறது.

இந்தக் கணக்கை அது எதை வைத்துப் போடுகிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். ஈ.சி.யு.வுக்குக் கண் கிடையாது, காது கிடையாது. சாட்சிகளை நம்பித் தீர்ப்பு எழுதுகிற நீதிபதி போல அது உட்கார்ந்திருக்கிறது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. உறிஞ்சு குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று ஒன்று சொல்கிறது. உள்ளே போகிற காற்றின் சூட்டை ஒன்று, என்ஜினின் சூட்டை ஒன்று, க்ராங்கின் நிலையை ஒன்று சொல்கிறது. இவற்றைக் கேட்டு, நிறுவனம் எழுதி வைத்த மேப் என்னும் அட்டவணையைப் பார்த்து, இத்தனை மில்லி விநாடி என்று முடிவு செய்கிறது. கடைசியாகச் சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்து முடிந்த புகையை மோந்து பார்த்து, கலவை பெட்ரோல் குறைந்து லீனாக இருந்ததா, பெட்ரோல் மிகுந்து ரிச்சாக இருந்ததா என்று திரும்பச் சொல்கிறது. சீரான வேகத்தில் போகும்போதும் சூடான என்ஜின் ஐடிலிங்கில் நிற்கும்போதும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கணினி தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. இதை மூடிய சுற்று என்பார்கள். என்ஜின் இன்னும் சூடேறாதபோதும், ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போதும் அது ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதில்லை. அட்டவணையை மட்டும் நம்பி ஓடுகிறது. அது திறந்த சுற்று. இந்த இரண்டையும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், தோழர்களே. நம் ஊர் டீக்கடைகளில் இன்ஜெக்ஷன் வண்டியைப் பற்றி நடக்கிற சச்சரவில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வருவது.

மலையை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. உதகமண்டலம் 2,240 மீட்டர். நடுவே ஐம்பது கிலோமீட்டரைச் சுற்றிய தூரம்தான். கடலோரத்தில் காற்றழுத்தத்தை நூறு என்று வைத்தால் உதகையில் அது ஏறத்தாழ எழுபத்தேழு. அங்கே குளிர் இருப்பதால் காற்று கொஞ்சம் இறுகி, இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. அப்படியும் வெயில் நேரத்து மேட்டுப்பாளையத்தோடு ஒப்பிட்டால் சிலிண்டருக்குள் போகிற காற்று ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டர் வண்டிக்கு இது தெரியாது. காற்று குறைந்த அளவுக்கு அது பெட்ரோலைக் குறைக்காது. கலவை ரிச்சாகும், ப்ளக் கறுக்கும், குன்னூரைத் தாண்டும்போதே வண்டி இருமத் தொடங்கும். இன்ஜெக்ஷன் வண்டியில் என்ன நடக்கிறது? அழுத்தச் சென்சார் சொல்கிறது, சூட்டுச் சென்சார் சொல்கிறது, கணினி பெட்ரோலைக் குறைக்கிறது. ஒரு ஜெட்டையும் யாரும் மாற்றவில்லை. ஆனாலும் மேலே போனவுடன் இழுவை குறைகிறதே, அது ஏன்? காற்று குறைந்தால் எரிவது குறையும். எரிவது குறைந்தால் விசை குறையும். அது மேப்பின் குற்றமில்லை, மலையின் இயல்பு. மேப்பை மாற்றி எழுதுகிற எந்த ரீமேப்பும் உதகையில் இல்லாத காற்றைக் கொண்டுவந்து தராது. அங்கே தேவை, ஒரு கியர் இறக்கி ஓட்டுகிற பொறுமை. எப்போதும் மலையிலேயே சுமையோடு ஓடுகிற வண்டி என்றால் பல்சக்கரத்தை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மலைக்காகக் கலவையைத் தொட்டுத் திருத்த வேண்டிய தேவையைத் தொழில்நுட்பம் ஏற்கெனவே தீர்த்துவிட்டது. தீர்ந்துபோன நோய்க்கு மருந்து விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்து வெயில். மலையைவிட இதுதான் நமக்கு முக்கியம். ஏனென்றால் மலை சிலருக்கு, வெயில் எல்லோருக்கும். மார்கழியில் 22 டிகிரியில் ஓடுகிற வண்டி கத்திரியில் 42 டிகிரியில் ஓடுகிறது. இருபது டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி ஆறு விழுக்காட்டுக்கு மேல் குறையும். அதையும் சூட்டுச் சென்சார் பார்த்துக்கொள்கிறது. ஆனால் நம் நெரிசலில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சிக்னலில் நீண்ட நேரம் நிற்கும்போது என்ஜினின் அனல் மேலே ஏறி அந்தச் சென்சாரையே காய்ச்சிவிடும். உள்ளே போகிற காற்றின் உண்மையான சூட்டைவிட அதிகமாக அது சொல்லத் தொடங்கும். காற்று மெலிந்துவிட்டது என்று நம்பி, கணினி பெட்ரோலைக் குறைக்கும். பச்சை விழுந்து நீங்கள் முறுக்கும்போது வண்டி ஒரு நொடி தயங்கும். இது உண்மையான குறை. இது போன்ற குறைகளைக் கண்டுதான் கடைகளில் ஒரு சிறு கருவியை விற்கிறார்கள். காற்றுச் சூட்டுச் சென்சாரின் வயரில் அதைச் செருகினால் போதும், வண்டி குளிர்ந்து ஓடும், பிக்கப் கூடும் என்கிறார்கள். அது செய்வது என்ன? காற்று உண்மையில் இருப்பதைவிட ஏறத்தாழ இருபது டிகிரி குளிராக இருப்பதாக ஈ.சி.யு.விடம் பொய் சொல்கிறது. ஈ.சி.யு. அதை நம்பி ஆறு, ஏழு விழுக்காடு கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. மூடிய சுற்றில் ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் உடனே கண்டுபிடித்து, ரிச்சாகிவிட்டது, குறை என்கிறது, கணினி குறைத்துவிடுகிறது. நீங்கள் சீராக ஓட்டுகிற நேரமெல்லாம் அந்தக் கருவிக்குக் கொடுத்த பணம் வீண். முழுதாக முறுக்கும்போது மட்டும் அந்தப் பொய் செல்லுபடியாகும். அப்போது பயன்தானே என்று கேட்கலாம். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. காற்றுச் சூட்டைப் பார்த்து ஈ.சி.யு. பெட்ரோலை மட்டுமா முடிவு செய்கிறது? பல வண்டிகளில் தீப்பொறி விழுகிற நேரத்தையும் அதை வைத்தே திருத்துகிறது. காற்று மிகச் சூடாக இருந்தால் தீப்பொறியைச் சற்றுப் பிந்தவைத்து, பிஸ்டன் மேல் தட்டு, அதாவது நாக்கிங், விழாமல் காக்கிறது. வேலூரில் மே மாதத்து நண்பகலில், 42 டிகிரி வெயிலில், இரண்டு பேரும் ஒரு மூட்டையுமாக மேம்பாலம் ஏறும்போது, 'இது 22 டிகிரி, பயமில்லை' என்று அந்தக் கணினியிடம் சொல்வது நியாயமா? எந்த நேரத்தில் பாதுகாப்பு மிகவும் தேவையோ அந்த நேரத்தில் பார்த்து அதன் கையைக் கட்டிப்போடுகிறோம்.

அப்படியானால் உண்மையான ட்யூனிங் எது? ஒரே ஒரு கோளாறைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. என்ஜினும் சைலன்சர் குழாயும் சேருகிற இடத்தில் ஒரு கேஸ்கெட் இருக்கிறது. மலிவான பொருள். அது எரிந்து, மயிரிழை அளவுக்கு இடைவெளி விழுகிறது என்று வையுங்கள். புகை விட்டு விட்டுத்தான் வெளியேறுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே குழாய்க்குள் அழுத்தம் தாழும்போது வெளிக்காற்று அந்த இடைவெளி வழியே உள்ளே இழுக்கப்படும். கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்திருக்கிற ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்க்கிறது. எரியாத ஆக்சிஜன் நிறைய இருக்கிறதே, கலவை லீனாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறது. கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. மறுபடியும் லீன் என்கிறது. மறுபடியும் கூட்டுகிறது. தன் திருத்தத்தின் எல்லை வரைக்கும் கூட்டிக்கொண்டே போகிறது. வண்டிக்காரர் என்ன காண்கிறார்? மைலேஜ் விழுகிறது, ப்ளக் கறுக்கிறது, புகை நாறுகிறது. பட்டறைக்குப் போகிறார். ப்ளக் மாற்றப்படுகிறது, சரியாகவில்லை. இன்ஜெக்டர் கழற்றிச் சுத்தம் செய்யப்படுகிறது, சரியாகவில்லை. ஆக்சிஜன் சென்சாரே புதிதாக மாற்றப்படுகிறது. அப்போதும் சரியாகவில்லை, ஏனென்றால் புதிய சென்சாரும் அதே காற்றைத்தான் பார்க்கிறது. கடைசியில், இந்த மாடலே இப்படித்தான், நம் ஊருக்கு ஒத்துவராது, ரீமேப் செய்யுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். ரீமேப்பும் செய்து, ஆக்சிஜன் சென்சாரின் இணைப்பையும் துண்டித்து அனுப்புகிறார்கள். ஒரு கேஸ்கெட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் போய், வண்டி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் திறனையும் இழந்து வீடு திரும்புகிறது. இதில் கணினி எங்கே தவறு செய்தது? ஓரிடத்திலும் இல்லை. கிடைத்த சாட்சியத்துக்குச் சரியான தீர்ப்பைத்தான் கொடுத்துக்கொண்டே இருந்தது.

இந்தக் கண்ணோட்டத்தோடு நம் ஊர் நிலைமைகளைப் பாருங்கள். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று சென்சார் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூசுகிறது. மின்தடை மாறுகிறது, சொல்லும் அளவும் மாறுகிறது. வாட்டர் வாஷ் கடைகளில் உச்ச அழுத்தத்தில் பீய்ச்சுகிற நீர், வயர் இணைப்புகளுக்குள் புகுந்துவிடுகிறது. இரவில் எலி வயரைக் கடிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கிக் கிடந்தன! மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பிப் பார்ப்பதைவிடக் கேடு வேறில்லை. செம்மண் சாலைப் புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கிறது. த்ராட்டில் பாடியில் கரி படிந்து ஐடிலிங் தடுமாறுகிறது. டாப்பெட் இடைவெளி இறுகிப்போனால் உறிஞ்சு குழாயின் அழுத்தமே மாறி, வண்டி சுமை இழுப்பதாக அழுத்தச் சென்சார் சொல்லிவிடும். பேட்டரி சொல்லவே வேண்டாம். ஐடிலிங்கில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் சில மில்லி விநாடிதான். அதிலும் ஊசி எழும்பித் திறக்கவே ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி போய்விடுகிறது. மின்னழுத்தம் குறைந்தால் அந்த நேரம் நீளும். கணினி பேட்டரி அழுத்தத்தை அளந்து ஈடுகட்டுகிறது, உண்மைதான். ஆனால் இன்ஜெக்டருக்குப் போகும் இணைப்பிலேயே துரு இருந்தால், அங்கே குறைகிற மின்னழுத்தம் கணினிக்குத் தெரியாது. டேங்கில் எப்போதும் ரிசர்வ் அளவிலேயே ஓட்டுகிற பழக்கமும் இங்கே கேடு செய்கிறது. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளே பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இவை ஒவ்வொன்றும் சிறிய வேலை. ஒவ்வொன்றும் நம் தெருமுனைப் பட்டறையில் செய்யக்கூடிய வேலை. இவற்றை முடிக்காமல் மேப்பைத் தொடுவதைத் திருத்தம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. வலுவான மறுப்புகளே உண்டு. முதல் மறுப்பு: 'நிறுவனத்தின் மேப் புகைச் சோதனையில் தேறுவதற்காக எழுதப்பட்டது; நம் சாலைக்காக எழுதப்படவில்லை. அதனால்தான் வண்டி சூடாகிறது, குறைந்த வேகத்தில் ஜெர்க் அடிக்கிறது.' இதில் உண்மை இல்லாமல் இல்லை. பி.எஸ்.6 சோதனை உலக மோட்டார்சைக்கிள் சோதனைச் சுழற்சியின்படி நடக்கிறது. அது நம் ஊர்ச் சந்தை நாளின் நெரிசல் ஆகாது. புகையைச் சுத்திகரிக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால், சுத்தப் பெட்ரோல் என்றால், காற்று 14.7க்குப் பெட்ரோல் 1 என்ற விகிதத்தையொட்டியே கலவை இருந்தாக வேண்டும். நல்ல இழுவைக்கு என்ஜின் விரும்புவதோ 13க்கு 1ஐச் சுற்றிய ரிச்சான கலவை. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பெட்ரோலை அறவே நிறுத்தி, தொட்டவுடன் மறுபடி தருவதால் சில வண்டிகளில் ஜெர்க் வருவதும் உண்மை. ஆனால் இங்கிருந்து பிறக்க வேண்டிய கேள்வி என்ன? நெரிசலில் காலைச் சுடுகிற அனல் முழுவதும் லீன் கலவையிலிருந்தா வருகிறது? காற்றால் குளிரும் என்ஜினுக்கு, நிற்கிற இடத்தில் காற்றோட்டமே இல்லை. கன்வர்ட்டரோ பல நூறு டிகிரி சூட்டில் காலருகே இருக்கிறது. கலவையை ஐந்து விழுக்காடு ரிச்சாக்கினால் இந்த அனலில் ஒரு சிறு பகுதிதான் குறையும்; பெட்ரோல் செலவும் கார்பன் மோனாக்சைடும் கட்டாயம் கூடும். அதே நெரிசலில், உங்கள் சைலன்சருக்குப் பின்னால் நிற்கிற ஸ்கூட்டியில் முன்பக்கம் ஒரு குழந்தை நின்றுகொண்டு வருகிறது. அந்தப் புகையை யார் குடிக்கிறார்கள்? சங்கிலித் தளர்ச்சியைச் சரிசெய்து, ஆக்சிலரேட்டர் கேபிளின் தொய்வைக் குறைத்து, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, கணினி ஐடிலிங்கை மறுபடி கற்கும்படி செய்தால் அந்த ஜெர்க்கில் பெரும் பங்கு அடங்கிவிடும். அதற்கும் அடங்காத மிச்சம் இருக்கிறது. அதற்காக நிறுவனத்திடம் திருத்திய மேப் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்று எல்லோர் வாயிலும் இருப்பது: எத்தனால் கலந்த பெட்ரோல். 2025இல் நம் நாட்டின் பெட்ரோல் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவாகிவிட்டது. எத்தனால் தன் உடம்பிலேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. அதனால் அது எரியக் குறைந்த காற்றே போதும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்றால், பத்து விழுக்காடு கலப்புக்கு 14.1, இருபது விழுக்காடு கலப்புக்கு 13.5. பழைய கலப்புக்கு எழுதிய மேப்பில் புதிய கலப்பை ஊற்றினால் கலவை ஏறத்தாழ நான்கு விழுக்காடு லீனாகும். வண்டி கெட்டுவிடாதா? சுற்றுகளைப் பிரித்துப் பாருங்கள். மூடிய சுற்றில் ஆக்சிஜன் சென்சார் பார்ப்பது பெட்ரோலை அன்று, மிஞ்சிய ஆக்சிஜனை. ஆகவே இந்த அளவு கலப்பு மாற்றத்துக்கு அது கணக்கைத் திருத்திவிடுகிறது. திறந்த சுற்றில் அந்தத் திருத்தம் இல்லை. ஆனால் முழுதாக முறுக்கும்போது மேப் ஏற்கெனவே பத்து விழுக்காட்டுக்கு மேல் ரிச்சாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அதில் நான்கு குறைந்தாலும் கலவை ரிச்சுப் பக்கமே நிற்கிறது. எத்தனாலின் ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது அது உறிஞ்சுகிற சூடும் அதிகம். ஆகவே தட்டு விழுகிற ஆபத்து கூடவில்லை. மைலேஜ் குறைவதை மட்டும் மறுக்கவே முடியாது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கிற ஆற்றல் பெட்ரோலில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு திறன் இழப்பு வரும் என்று சொன்னது. இந்த இழப்பு எரிபொருளுக்குள்ளேயே இருக்கிறது. எந்த மேப்பும் அதை முழுதாகத் திருப்பித் தராது. 'எத்தனாலுக்கு ட்யூன் செய்து மைலேஜை மீட்டுத் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இந்தத் தற்காப்பு எதுவும் இல்லை. பழைய ரப்பர்க் குழாய்களும் சீல்களும் எத்தனாலில் உப்பவோ வெடிக்கவோ கூடும். அவர்கள் குழாய்களைப் பார்க்கட்டும். மழைக்காலத்தில் டேங்குக்குள் நீர் இறங்காமலும் பார்த்துக்கொள்ளட்டும். எத்தனால் தண்ணீரைக் கண்டால் விடாது.

மூன்றாவது மறுப்பு: 'அப்படியானால் ரீமேப்பே கூடாதா?' கூடும். எப்போது? என்ஜினுக்குள் போகிற காற்றின் அளவையே நீங்கள் மாற்றும்போது கூடும். கொள்ளளவைக் கூட்டினீர்கள், கேம் மாற்றினீர்கள், பந்தயத் தடத்துக்காகப் புகைக்குழாயை மாற்றினீர்கள் என்றால் நிறுவனத்தின் அட்டவணை இனி உங்கள் என்ஜினைச் சொல்லவில்லை; புதிய அட்டவணை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அதை எப்படி எழுதுவது? வண்டியோடு வருகிற சாதாரண ஆக்சிஜன் சென்சாருக்கு லீனா, ரிச்சா என்று மட்டும்தான் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. எவ்வளவு என்று சொல்கிற வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தி, டைனோமீட்டரில் ஏற்றி, ஒவ்வொரு சுற்று வேகத்திலும், த்ராட்டில் திறப்பின் ஒவ்வொரு நிலையிலும் அளந்து, பிறகு நம் வெயிலில் நம் சாலையில் ஓட்டிச் சரிபார்த்து எழுத வேண்டும். அதுதான் ட்யூனிங். வேறொரு நாட்டில், வேறொரு பெட்ரோலுக்கு, குளிர் நிலத்தில் எழுதிய கோப்பை இறக்கி ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிட்டுப் பணம் வாங்குவது ட்யூனிங் ஆகாது. பொதுச் சாலையில் ஓடுகிற வண்டிக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனம் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. கன்வர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதை மறைக்க மேப்பைத் திருத்துவதை எந்தக் காரணம் சொல்லியும் நான் ஏற்க மாட்டேன்.

நான்காவது மறுப்பு எனக்கு மிகவும் வலிப்பது, ஏனென்றால் அது நியாயமானது. 'அளந்து திருத்து என்கிறீர்களே, அளக்கிற கருவி எங்கள் கையில் இருக்கிறதா? நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. தெருமுனைப் பட்டறைக்கு ஸ்கேனரும் இல்லை, பழுதுக் குறியீட்டுப் பட்டியலும் இல்லை, சென்சாரின் சரியான அளவு எவ்வளவு என்ற தாளும் இல்லை. ஏமாற்றுக் கருவிதான் கடையில் எளிதாகக் கிடைக்கிறது.' இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, உடன்பாடுதான் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் இருசக்கர வண்டிகளில் தன்பழுதறியும் அமைப்பு அடுத்த கட்டத்துக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. வண்டி தன் நோயைத் தானே சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. அதைக் கேட்கிற உரிமை மட்டும் ஏன் ஒரு சிலருக்கே? ஹோசூரிலும் ஒரகடத்திலும் வண்டிகள் பிறக்கின்றன. அந்த வண்டிகள் பிறக்கிற மண்ணிலேயே ஒரு மெக்கானிக் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டுமா? சரியான தகவல் கணினிக்குப் போக வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடிய நான், அதே தகவல் மெக்கானிக்குக்கும் போக வேண்டும் என்று சொல்லாமல் எப்படி முடிப்பேன்?

ஆகவே நிறுவனங்களிடம் கேட்கிறேன்: பழுதுக் குறியீடுகளையும் சென்சார் அளவுகளையும் சர்வீஸ் கையேடுகளையும் நியாயமான விலையில் எல்லாப் பட்டறைகளுக்கும் திறந்துவிடுங்கள், 2020 முதல் நீங்கள் விற்ற பி.எஸ்.6 வண்டிகளுக்கு இருபது விழுக்காடு எத்தனாலுக்கு ஏற்ற திருத்திய மேப்பை, தேவைப்படும் மாடல்களுக்கெல்லாம், சர்வீஸில் இலவசமாக ஏற்றிக் கொடுங்கள். அரசிடம் கேட்கிறேன்: ஐ.டி.ஐ. பட்டறைகளில் ஸ்கேனரும் வைட்பேண்ட் அளவியும் மாணவர் கையில் புழங்கட்டும். பழைய மெக்கானிக்குகளுக்கு மாலை நேரப் பயிற்சி நடக்கட்டும். மெக்கானிக் தோழர்களே, நீங்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து ஒரு ஸ்கேனர் வாங்குங்கள். உங்கள் காதுக்கும் கைக்கும் இருக்கிற அனுபவத்தோடு அந்தக் கருவியும் சேர்ந்தால் உங்களை மிஞ்ச ஆளில்லை. வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, அடுத்த முறை என்ஜின் விளக்கு எரிந்தால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி அதை அணைக்கச் சொல்லாதீர்கள். குறியீடு என்ன என்று படிக்கச் சொல்லி, அதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் அளந்தது என்ன, மாற்றிய பின் அளந்தது என்ன என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.